இரண்டாம் பேஸ்காரன் உபால்தோ

உபால்தோ சுலுவேத்தாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அதில் ஓர் அங்குலம் தலைமுடிதான் என்று பெற்ற தாயே ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கார்தெனாஸில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தெள்ளுப்பூச்சி என்பார்கள், அவசரத்துக்குத் தெள்ளு. ஓர் இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவனைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்போட்டதாகவும், பெஞ்சும் கூடவே துள்ளியதாகவும் ஒரு கதை உண்டு.

கயிறு ஆலையில் நார்க்கட்டுகளைப் பிரித்துப்போடும் வேலையில் இருந்தவன், இருபது வயதில் ஊர் பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மைதானத்துக்குப் போனான். கார்தெனாஸ் நண்டுகள் என்றால் சும்மா ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் இல்லை. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள். வந்திருந்த பையன்கள் எல்லோரும் கதவு அகலத்துக்கு இருந்தார்கள். மேனேஜர் இவனைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணி குடுக்கற வேலைக்கு ஆள் இருக்கே," என்றார்.

"ரெண்டாம் பேஸ்ல நிக்க வந்தேன்."

"பேஸ் மேல ஏறி நிப்பியா, பக்கத்துல நிப்பியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உபால்தோவும் சிரித்தான். நல்ல நகைச்சுவை எங்கிருந்து வந்தாலும் அவனால் சிரிக்காமல் இருக்க முடியாது. மேனேஜர் ஒரு பந்தைத் தரையோடு ஓங்கி அடித்தார். அது கல்லில் பட்டு எகிறி அவன் வாயைப் பதம் பார்த்தது. ஒரு பல் விழுந்தது. உபால்தோ குனிந்து பந்தைப் பொறுக்கி முதல் பேஸுக்கு எறிந்து, சோதனைக்காக அங்கே ஓடவிட்ட பையனை அவுட் ஆக்கினான். பிறகுதான் பல்லைத் தேடினான். பல் கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது.

மட்டை பிடித்து அவன் பெரிதாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. பந்தைத் தட்டிவிட்டு ஓடுவான். நான்கு முறைக்கு ஒரு முறை பேஸில் போய்ச் சேருவான். ஆனால் இரண்டாம் பேஸ் பக்கம் ஒரு பந்து வந்தால் அது அவனுடையது. வலது பக்கம் போகிறதா, இடது பக்கம் போகிறதா என்று அவன் பார்ப்பதில்லை. மட்டையில் படும் சத்தத்திலேயே கால் கிளம்பிவிடும். பந்தை எறிகிற பிட்சர் ஃபெர்மின் ஓகெந்தோ குண்டு மனிதர், குனிய மாட்டார். "குனியறதுக்குத்தான் தெள்ளு இருக்கான், சாமி அவன தரைக்குப் பக்கத்துல படைச்சது சும்மாவா?" என்பார்.

இந்த ஃபெர்மினும் உபால்தோவும் சேர்ந்துதான் அந்தத் திருட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

வேலை எளிது. எதிரணிக்காரன் ஒருவன் இரண்டாம் பேஸுக்கு ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான். தரையில் கிடக்கும் அந்தப் பேஸ் பையின்மேல் கால் இருக்கும்வரை அவனை அவுட் ஆக்க முடியாது. பந்து வெளிமைதானத்திலிருந்து உபால்தோ கைக்கு வரும். உபால்தோ அதை எடுத்துக்கொண்டு ஃபெர்மினிடம் போவான், இரண்டு வார்த்தை பேசுவான், கொடுத்ததுபோல் கையை அசைத்துவிட்டுத் திரும்பி வருவான். பந்து அவன் கையுறைக்குள்ளேயே இருக்கும். ஃபெர்மின் பந்தெறியும் மேட்டில் ஏறாமல் பின்னால் நின்று முகம் துடைப்பார், மண்ணைக் கையில் தேய்ப்பார், மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கிற காட்சருடன் வாய்ச்சண்டை போடுவார். பந்து இல்லாமல் பிட்சர் மேட்டில் ஏறினால் தப்பு. கீழே நின்று என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஓடி வந்தவன் பந்து ஃபெர்மினிடம் இருக்கிறது என்று நம்பி, பேஸை விட்டு ஓரடி தள்ளி நிற்பான். உபால்தோ போய் அவன் தோளில் பந்தால் ஒரு தட்டுத் தட்டுவான். அவுட். சட்டப்படி சரியான அவுட்.

அந்தப் பருவத்தில் முதன்முதலில் மாட்டியவர் ஓவிதியோ கர்ரிகா. பக்கத்து ஊர் மத்தான்சாஸ் அணியின் பெரிய மட்டைக்காரர். ஆள் மலை மாதிரி, பேச்சு பஞ்சு மாதிரி. ஆட்டமில்லாத நாட்களில் ஐஸ் ஆலையில் வேலை. ஐஸ் பாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தால் தெருவே குளிரும். யாராவது தும்மினால்கூட அவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவர் ஒரு பந்தைச் சுவர்வரை விரட்டிவிட்டு இரண்டாம் பேஸில் வந்து நின்றார்.

உபால்தோ தன் நாடகத்தை முடித்துத் திரும்பி வந்தான். ஓவிதியோ பேஸை விட்டு நகரவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அதன்மேல் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றார். ஃபெர்மின் இரண்டு முறை முகம் துடைத்தாயிற்று. இனித் துடைக்க முகம் இல்லை.

"அண்ணே, இந்த பேஸ் கோணலா கெடக்குது பாருங்க," என்றான் உபால்தோ. "காலைக் கொஞ்சம் எடுங்கண்ணே, சரி பண்ணிடறேன்."

"அடடா, மன்னிச்சுக்கோ தம்பி," என்று ஓவிதியோ காலை எடுத்தார்.

உபால்தோ அவர் இடுப்பில் தட்டினான். தோள் எட்டவில்லை.

மைதானம் ஒரு நிமிடம் என்ன நடந்தது என்று தெரியாமல் நின்றது. அம்பயர் கட்டைவிரலைத் தூக்கினார். அப்புறம் எழுந்த சிரிப்பில் துறைமுகத்துப் பறவைகள் எல்லாம் கிளம்பிக் கடல் பக்கம் பறந்துபோயின. ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பேச்சு வரவில்லை. முழுதாக ஓர் இன்னிங்ஸ் அவர் சிரிப்பு மட்டும்தான் ஒலிபரப்பானது.

மத்தான்சாஸ் திரும்பிய ஓவிதியோவை ஊர் விடவில்லை. முடிவெட்டும் கடையில் தரை கூட்டுகிறவன், "காலைக் கொஞ்சம் எடுங்கண்ணே," என்றான். பஸ்ஸில் சீட்டுப் போடுகிறவன் சொன்னான். காபிக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் வந்து மேஜைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். ஓவிதியோ எல்லோரிடமும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருடைய தங்கை எதெல்மீரா மட்டும் தலையை ஆட்டவில்லை.

எதெல்மீரா மத்தான்சாஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது. காலை எட்டிலிருந்து மாலை நாலுவரை குரலில் தேன் ஒழுகும். "வணக்கம், எந்த நம்பர் வேணும்?" என்று அவள் கேட்பதற்காகவே சிலர் தவறான நம்பருக்குப் போன் போடுவார்கள். அந்தக் குரலுக்கு இன்னொரு பக்கம் இருப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உலகத்துக்குத் தெரிந்தது.

நண்டுகள் மத்தான்சாஸுக்கு ஆடப் போயிருந்தார்கள். முதல் பேஸுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் மஞ்சள் உடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. உபால்தோவின் இடது கையை மட்டும் பார்த்தாள். நான்காவது இன்னிங்ஸில் அவன் ஃபெர்மினிடம் போய்விட்டுத் திரும்பினான்.

"கையுறைய பாரு," என்று ஒரு குரல் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சர்க்கரை மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைக் கீழே வைத்தார்கள். "அவன் கையுறைய பாரு. பந்து அந்தத் தெள்ளுகிட்டதான் இருக்கு. பேஸ விட்டுக் காலை எடுத்தே, காலை ஒடிச்சிடுவேன்."

பேஸில் நின்றவன் பயந்துபோய் அதன்மேல் உட்கார்ந்தே விட்டான். வேறு வழியில்லாமல் உபால்தோ பந்தை எடுத்து ஃபெர்மினிடம் எறிந்தான். மைதானமே கைதட்டியது. மஞ்சள் உடைக்காரி எழுந்து நின்று பாவாடையை விரித்து வணங்கினாள்.

"யாருய்யா அது?" என்று உபால்தோ கேட்டான்.

"ஓவிதியோ தங்கச்சி," என்றார் ஃபெர்மின். "இனிமே நம்ம கடைய மூடிட வேண்டியதுதான்."

கடையை மூடும் எண்ணம் உபால்தோவுக்கு இல்லை. அடுத்த மாதம் பந்தைக் கக்கத்தில் வைத்தான். "கக்கத்தப் பாரு," என்றாள். அதற்கடுத்த முறை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றான். "என்ன தெள்ளு, ஒண்ணுக்கு வருதா?" என்று கேட்டாள். அம்பயர் சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்டத்தை நிறுத்தி வைத்தார். உபால்தோவும் தரையில் உட்கார்ந்து சிரித்தான். கார்தெனாஸுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஒரு விஷயம் அவனுக்கு உறைத்தது. ஊர் ஊராக ஆயிரக்கணக்கான பேர் அவன் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு கணம்கூட அவன்மேலிருந்து கண்ணை எடுக்காதவள் ஒருத்திதான்.

"மச்சான், என் நெஞ்சு என்னமோ பண்ணுது," என்றான்.

"ரெண்டு தட்டு பொரிச்ச பன்னித் தோல் தின்னா அப்படித்தான் பண்ணும்," என்றார் ஃபெர்மின்.

அந்த வாரம் கையுறையின் தையல் பிரிந்துபோனது. நல்ல தோல் வேலைக்காரர் மத்தான்சாஸில்தான் இருந்தார். உபால்தோ பெனிக்னோவின் காபிக் கடைக்குப் போய் அங்கிருந்த போனைக் கையில் எடுத்தான்.

"வணக்கம், மத்தான்சாஸ். எந்த நம்பர் வேணும்?" தேன் சொட்டியது.

அவன் நம்பரைச் சொன்னான். பின்னால் நான்கு பேர் டொமினோ காய்களை மேஜையில் அறைந்துகொண்டிருந்தார்கள்.

"கேக்கலீங்க, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னான். மறுபடி டொமினோ அறைந்தது.

"சத்தமாச் சொல்லுய்யா." இந்த முறை தேன் இல்லை. உபால்தோ காதிலிருந்து போனைத் தள்ளிப் பிடித்தான். அந்தச் சுருதியை அவன் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பான்.

"நீங்க, கக்கத்தப் பாரு, தானே?"

மறுமுனையில் அவள், "நீ ஒண்ணுக்கு வருதா, தானே?" என்றாள்.

தோல் வேலைக்காரருக்கு அன்று போன் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கையுறை பத்து நாள் பிரிந்தே கிடந்தது. உபால்தோ தினமும் மூன்று மணிக்குக் கடைக்கு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, போனுக்குள் கிசுகிசுத்தான். பெனிக்னோ ஸ்பெயினிலிருந்து வந்தவர். நாற்பது வருஷமாகக் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர். அவரே டொமினோக்காரர்களிடம், "மெதுவா ஆடுங்கடா, பையன் பேசறான்ல," என்று அதட்டத் தொடங்கினார். அவர்களும் ஒரு துணியை விரித்து அதன்மேல் காய்களை வைத்தார்கள். பிறகு ஆட்டத்தை விட்டுவிட்டு, உபால்தோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து என்ன கனவு கண்டேன் தெரியுமா?" என்பான்.

"சொல்லு."

"பந்தை எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கேன். எங்கன்னு எனக்கே தெரியல. நீதான் வந்து காட்டுறே."

"உன் சட்டைப் பைய பாரு. இல்லேன்னா உன் மூளைய பாரு, அங்க நெறைய எடம் காலியா இருக்கும்."

இப்படிப் பிப்ரவரி வந்தது. நான்கு அணிகளில் கார்தெனாஸும் மத்தான்சாஸும் சமமாக நின்றன. கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஐஸ் ஆலையிலிருந்து ஓவிதியோ, ஆலைக்கு உப்பு கொண்டுவரும் உப்புக்காரருக்குப் போன் போட்டார். எக்ஸ்சேஞ்சில் ஏதோ கம்பி தவறிச் சேர்ந்துகொண்டது. உப்புக்காரர் குரலுக்குப் பதிலாக அவர் காதில் விழுந்தது தங்கையின் குரல்:

"என் செல்லத் தெள்ளு சாப்பிட்டானா?"

ஓவிதியோ போனை வைத்தார். வீட்டுக்குப் போனார். தங்கை வந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே நீ எங்கிட்ட என்ன சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்." ஐந்து நாளும் பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்டார். உப்பு தங்கையின் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆட்டத்துக்கு முதல் நாள் எதெல்மீரா போனில் கேட்டாள்: "நாளைக்கு நீ அந்த வேலையச் செய்வியா?"

"சமயம் வந்தா செய்வேன்."

"பாத்தா நான் கத்துவேன். எங்க ஊரு, எங்கண்ணன். தெரியுமில்ல?"

"கத்து. நீ கத்தலேன்னா, வேற யாரோ பொண்ணுன்னு நான் பேசாம ஊருக்குப் போயிடுவேன்."

மத்தான்சாஸ் மைதானம் அன்று காலையிலேயே நிரம்பிவிட்டது. மரத்திலெல்லாம் ஆள். கார்தெனாஸிலிருந்து பதினோரு பஸ் வந்தது. அதில் ஒன்றில் பெனிக்னோ கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடியும், கார்தெனாஸ் ஒரு ரன் முன்னால். மட்டையோடு ஓவிதியோ வந்தார். அடித்தார். பந்து வலது மூலைவரை உருண்டது. அவர் மூச்சிரைக்க இரண்டாம் பேஸில் வந்து சேர்ந்தார். அடுத்த ஒரு நல்ல அடிக்கு ஆட்டம் சமமாகிவிடும்.

பந்து உபால்தோவிடம் வந்தது. அவன் ஃபெர்மினிடம் போனான்.

"செய்யலாமா?" என்றார் ஃபெர்மின்.

"செய்யலாம்."

"அவரு வருங்கால மச்சான்டா."

"அதுக்காகவா விட்டுட முடியும்? அவரே ஒத்துக்க மாட்டாரு."

திரும்பி வந்தான். பந்து கையுறைக்குள், பழைய இடத்திலேயே. ஃபெர்மின் ஷூ நாடாவைக் கட்ட உட்கார்ந்தார். அவர் குனிந்ததைப் பார்த்த கார்தெனாஸ்காரர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பதினோரு பஸ் ஆட்களும் மூச்சை அடக்கினார்கள்.

மூன்றாவது வரிசையில் மஞ்சள் உடை எழுந்தது.

"அண்ணே, காலை எடுக்காதே. பந்து அவன்கிட்ட இருக்கு. கையுறைக்குள்ள இருக்குண்ணே."

ஓவிதியோ அவள் பக்கம் திரும்பினார். உபால்தோவைப் பார்த்தார். உபால்தோ வானத்தைப் பார்த்தான். ஓவிதியோவின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. இவள் யாருக்காகப் பேசுகிறாள் என்பது அவருக்குத் தெரியும். தன்னைப் பேஸிலேயே கட்டிப்போட்டு, அடுத்த அடிக்கு ஓடவிடாமல் செய்ய இருவரும் போனில் பேசிவைத்த திட்டம் இது என்று முடிவுகட்டினார்.

"இனிமே உன் பேச்சக் கேக்க மாட்டேன்னு சொன்னேன்ல," என்று அவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சொன்னார். சொல்லிக்கொண்டே, ஒரு ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்குவதுபோல, மூன்றடி தள்ளிப் போய் நின்றார்.

உபால்தோவுக்கே மனசு கேட்கவில்லை. "அண்ணே, அவ சொல்றது நெஜம்," என்றான்.

"நீ வேறயா?" என்றார் ஓவிதியோ, இன்னும் ஓரடி தள்ளிப் போய்.

அதற்குமேல் என்ன செய்வது. உபால்தோ பந்தை எடுத்து அவர் இடுப்பில் தட்டினான்.

கோப்பை கார்தெனாஸுக்குப் போனது. மைதானத்தில் தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எதெல்மீரா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பக்கத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அழுகை இல்லை.

இரண்டு நாள் கழித்து ஓவிதியோ கார்தெனாஸுக்கு வந்தார். பெனிக்னோவின் கடைக்குள் அவர் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. டொமினோக்காரர்கள் காய்களை மெதுவாகப் பைக்குள் போட்டார்கள்.

"எங்க அந்தத் தெள்ளு?"

"இங்கதாண்ணே இருக்கேன்."

"என் தங்கச்சி ரெண்டு நாளா சாப்பிடல."

"கோவமாண்ணே?"

"சிரிக்கிறாப்பா. என் மூஞ்சியப் பாத்தாலே சிரிக்கிறா. வாயில வெச்ச சோறு வெளிய வந்துடுது. இப்ப எங்கம்மாவும் சேந்துக்கிட்டாங்க. அந்த வீட்ல நான் எப்படி இருக்கறது? வந்து அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

உபால்தோ துள்ளிய துள்ளலில் மேலே தொங்கிய விளக்கில் தலை இடித்தது. அவனைப் போன்ற உயரத்துக்கு அது சாதனை.

கல்யாணம் ஏப்ரலில், மத்தான்சாஸ் கோயிலில். பாதிரியார் வயதானவர், பேஸ்பால் தெரியாதவர். மணப்பெண் உடையின் நீளமான வால் மாப்பிள்ளையின் ஷூவுக்கடியில் மாட்டிக்கொண்டது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தம்பி, காலைக் கொஞ்சம் எடுங்க," என்றார். கோயில் வெடித்தது. சிரிப்பை முதலில் தொடங்கியவர் ஓவிதியோ. கடைசியில் முடித்தவரும் அவர்தான். பாதிரியார் மட்டும் எதற்கு என்று தெரியாமலே அவர்களை ஆசீர்வதித்தார்.

அந்தக் கடைசி ஆட்டத்தை ஃபுளோரிடாக்காரர் ஒருவர் பார்த்திருந்தார். விடுமுறைக்கு வந்தவர், சொந்த ஊரில் ஒரு சின்ன அணி வைத்திருந்தார். ஒரு வார்த்தை ஸ்பானிஷ் தெரியாமல், ஓவிதியோ பேஸை விட்டு இறங்கியதற்கு நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தவர். இப்படித்தான் உபால்தோ கோடைக்காலங்களில் ஃபுளோரிடாவிலும் பனிக்காலங்களில் கார்தெனாஸிலும் ஆடுகிறவன் ஆனான்.

அங்கே அவன் கறுப்பு நிறத்துக்கு ஓட்டலில் அறை கிடையாது. வெளுத்த தோல் உள்ள ஆட்டக்காரர்கள் ஓட்டலில் இறங்கிக்கொள்ள, பஸ் அவனை ஊர்க் கோடிக்குக் கொண்டுபோய் விடும். ஒரு சவப்பெட்டிக் கடைக்காரர் தன் கடை மாடியில் அவனுக்கு ஓர் அறை கொடுத்தார். முதல் வாரம் உபால்தோவுக்குத் தூக்கம் வரவில்லை. ஓட்டல்காரன் மேல் வந்த கோபத்தில் பாதி, கீழே வரிசையாக இருந்த பெட்டிகள் மேல் வந்த பயத்தில் பாதி.

"எப்படி இருக்கு வீடு?" என்று எதெல்மீரா போனில் கேட்டாள்.

"கீழ் வீட்டுக்காரங்க ரொம்ப அமைதியானவங்க," என்றான்.

அவள் கல்யாணத்துக்குப் பிறகும் எக்ஸ்சேஞ்ச் வேலையை விடவில்லை. உபால்தோ ஃபுளோரிடாவிலிருந்து போன் போட்டால், அது கீ வெஸ்ட் பெண் கையில் விழுந்து, ஹவானாப் பெண் கைக்கு மாறி, மத்தான்சாஸில் அவன் பெண்டாட்டியிடம் வந்து சேரும். ஒரே மாதத்தில் வழியில் இருந்த அத்தனை பெண்களுக்கும் அவன் ஆட்டம் அத்துப்படி. "நேத்து ரெண்டு ஹிட்டாமே, சந்தோஷம்," என்று கீ வெஸ்ட் சொல்லும். "மூணு. எனக்குச் சரியாத் தெரியும்," என்று ஹவானா குறுக்கே வரும். உபால்தோ மனைவியுடன் பேச இவர்களிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

ஒரு வருஷம் மார்ச்சில் அந்த நாட்டின் உச்சப் போட்டியான பெரிய லீக்கின் அணி ஒன்று பயிற்சிக்கு அவனைக் கூப்பிட்டது. பதினெட்டு நாள் ஆடினான். இரண்டாம் பேஸ் பக்கம் வந்த ஒரு பந்தையும் விடவில்லை. பத்தொன்பதாம் நாள் அவனைக் கூப்பிட்டுக் கைகொடுத்து, பஸ் டிக்கெட்டும் கொடுத்தார்கள். பஸ் நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, வெகுநேரம் அழுதான். பிறகு போனிடம் போனான்.

"எத்தனை ஹிட் அடிச்சே?" என்றாள் எதெல்மீரா.

"பதினொண்ணு."

"அப்புறம் ஏன் அனுப்பிட்டாங்க?"

"உயரம் போதலயாம்."

குறுக்கே ஹவானாப் பெண் குரல் மெதுவாக வந்தது: "அவங்களுக்குக் கண்ணு போதல."

"மூளையும்," என்றது கீ வெஸ்ட்.

"ஏய், என் புருஷங்கிட்ட நான் பேசறேன், ரெண்டு பேரும் வைங்கடி," என்றாள் எதெல்மீரா. யாரும் வைக்கவில்லை. உபால்தோ தொப்பிக்குள் சிரித்துக்கொண்டு நின்றான். வரிசையில் பின்னால் நின்ற கப்பல்காரன் என்னவென்று தெரியாமல் அவனோடு சேர்ந்து சிரித்தான்.

பிறகு ஆறு கோடை ஃபுளோரிடா, மூன்று கோடை மெக்சிகோ. மெக்சிகோவுக்கு எதெல்மீராவும் போனாள். அங்கே முதல் பேஸுக்குப் பின்னால் இடம் பிடித்து, ஒரே மாதத்தில் எதிரணிப் பிட்சர்களுக்கெல்லாம் புனைபெயர் வைத்து முடித்தாள். மொத்தம் பன்னிரண்டு வருஷ ஆட்டத்தில் உபால்தோ அடித்த, ஒரே அடியில் நான்கு பேஸும் சுற்றிவரும் ஹோம் ரன் இரண்டு. அதில் ஒன்று எல்லையில் பந்து பிடிக்க நின்றவன் வேலியில் மாட்டிக்கொண்டதால் வந்தது. முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது அவன் வருந்தவில்லை. கார்தெனாஸில் ஒரு சைக்கிள் கடைக்கு இடம் பார்த்து வைத்திருந்தான். இரண்டு மகள்களும் கிரீஸ் பூசிய கையோடு பள்ளிக்கூடம் போனார்கள்.

கடைசி ஆட்டம் டிசம்பரில், சொந்த மைதானத்தில், மத்தான்சாஸுக்கு எதிராக. ஊர்க்காரர்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார்கள்: கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒரு கொழுத்த பன்றி, கழுத்தில் நீல ரிப்பன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தவர் ஓவிதியோ. உரை நிகழ்த்த வேண்டியிருந்ததால் கயிற்றைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

பன்றி பேச்சுக்குக் காத்திருக்கவில்லை. ஒரே இழுப்பு, ஓவிதியோ உட்கார்ந்தார், பன்றி கிளம்பியது. முதல் பேஸைத் தாண்டியது. இரண்டு அணியும் துரத்தின. ஃபெர்மின், ஆட்டத்தை விட்டு நான்கு வருஷமாகியும் வேலியைத் தாண்டி வந்து, அதன்மேல் பாய்ந்து, புல்லைக் கட்டிக்கொண்டு விழுந்தார். இரண்டாம் பேஸில் உபால்தோ கைகளை விரித்துக் காத்திருந்தான். பன்றி அவன் கால்களுக்கு நடுவில் புகுந்து போனது.

"தெள்ளு, உன் காலத்துல ஒரு பந்து இப்படிப் போயிருக்குமா?" என்று மேலிருந்து எதெல்மீரா கத்தினாள்.

பன்றி மூன்றாம் பேஸையும் மிதித்துக்கொண்டு, மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஓடியது. காட்சர் தடுக்க விழுந்தான். பன்றி அவன்மேல் ஏறிப் பிளேட்டை முழு உடம்பால் உரசிக்கொண்டு போய் நின்றது. அம்பயர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இரண்டு கைகளையும் அகலமாக விரித்தார். சேஃப். அவுட் இல்லை.

மைதானம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகு அந்தப் பன்றியை அறுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மத்தான்சாஸ் மேனேஜர்தான் முதலில் சொன்னார்: "நாலு பேஸும் தொட்டுட்டு வந்திருக்கு. சட்டப்படி ரன்."

குதிரை வண்டியில் பன்றிக்கு நடு இடம் கொடுத்தார்கள். மகள்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ரிப்பனைச் சரிசெய்தார்கள். எதெல்மீராவுக்கு மட்டும் ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. இடம் இல்லாததால் உபால்தோ வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தான். தெருவெல்லாம் ஜன்னலைத் திறந்து, ஆட்டக்காரனை விட்டுவிட்டுப் பன்றிக்குக் கையசைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு சுலுவேத்தா வீட்டில் மீன்தான் வறுத்தார்கள். ஓவிதியோ இரண்டு தட்டுச் சாப்பிட்டார். பன்றி மேஜைக்கடியில் படுத்துக்கொண்டு, கீழே விழுந்த வாழைக்காய் வறுவலை ஒவ்வொன்றாகத் தேடித் தின்றது.